சமையல்காரன் பேர்ல ஒரு கார்டு

புடிச்சிட்டியளா? நல்லவேளை, கம்பி கைக்கு ஆப்புட்டுது. இந்த பஸ்ஸுப் படி அப்படித்தான் தம்பி, தேஞ்சு வழவழன்னு கிடக்கு. வாங்க, இப்படி உக்காருங்க. பைய என் காலுகிட்ட வச்சிருங்க. அடி ஒண்ணும் படலல்லா? படல. அப்ப சரி.

இப்ப நீங்க விழப் பாத்து, விழாம வந்து உக்காந்திருக்கியல்லா, இதுக்கு எங்க கப்பல்ல ஒரு பேரு உண்டு. நியர் மிஸ்ம்பாவ. மயிரிழையில தப்பிச்சதுன்னு வச்சுக்கிடுங்க. அதுக்கு ஒரு கார்டு எழுதிப் போடணும். மஞ்ச கார்டு. என்ன நடந்துது, எங்க நடந்துது, யாரு பாத்தது. கடைசியில ஒரு கட்டம் இருக்கும், காயம் உண்டா இல்லியான்னு. இல்லன்னு டிக் அடிக்கணும். உண்டுன்னா அது நியர் மிஸ் இல்ல, ஆக்சிடெண்ட். அதுக்கு வேற பாரம்.

மதுரைக்கா? நானும் மதுரைதான். ஒரு வக்கீலம்மாவப் பாக்கப் போறேன். நமக்குக் கேசு ஒண்ணும் இல்ல. கேசு இன்னொருத்தனுக்கு. நான் சும்மா ஒரு காயிதம் குடுத்துட்டு வரணும், அவ்வளவுதான். அந்தக் காயிதத்ததான் இன்னும் எழுதல.

என் பேரு இஞ்ஞாசி. புன்னக்காயல். இருபத்தாறு வருசம் கப்பல்ல ஓடியாச்சு, கடைசி பதினொரு வருசம் போசனா. போசன்னா டெக்குல, அதான் கப்பல் மேல்தட்டுல, வேல செய்யுற ஆளுவளுக்கு மேஸ்திரி மாதிரி. கயிறு, நங்கூரம், பெயிண்டு, துரு சுரண்டுறது, எல்லாம் நம்ம தலையில. துரு சுரண்டுற மெஷினு ஒண்ணு இருக்கு, கையில புடிச்சா பல்லு வரைக்கும் ஆடும். அதப் புடிச்சுப் புடிச்சு, இந்தா பாருங்க, இந்த மூணு விரலும் செத்துப் போச்சு. கிள்ளிப் பாருங்க. சும்மா கிள்ளுங்க தம்பி. ஒண்ணும் தெரியாது. குளிர்ல வெள்ளையாயிரும். இதுக்கெல்லாம் நான் ஒரு நாளும் கார்டு போட்டதில்ல. ரத்தம் வந்தாத்தான காயம்?

கார்டப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். கம்பெனியில ஒரு சட்டம் வச்சாவ. மாசத்துக்கு ஆளுக்கு ஒரு நியர் மிஸ். கப்பல்ல இருபத்தொரு பேரு, அப்ப இருபத்தொரு கார்டு. இருபத்தஞ்சாம் தேதி சீஃப் ஆபீசர் கைக்குப் போயிரணும். நெசமாவே மாசம் இருபத்தொரு பேரு தப்பிச்சுத் தப்பிச்சுப் பொழச்சா அந்தக் கப்பல்ல எவனாவது ஏறுவானா, நீங்களே சொல்லுங்க. ஆனா கொறஞ்சா, இவனுவ எதையோ ஒளிக்கானுவன்னு ஆபீஸ்ல நெனைப்பாவ. சீஃப் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, போசன், நம்பர் வரணும்னு மட்டும் சொன்னாரு. எப்படி வரணும்னு சொல்லல.

பன்னெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுட்டு வர்றவன் உக்காந்து இங்கிலீசுல கட்டுர எழுதுவானா? அதனால எல்லாருக்கும் நானே எழுதினேன். எனக்கு அது கை வந்தது. சின்ன வயசுலயே நம்ம ஊரு பாதர் என் எழுத்தப் பாத்துட்டு, மணி மணியா இருக்குலேன்னுவாரு. ஒரு நோட்டுல பன்னெண்டு நியர் மிஸ் எழுதி வச்சிருந்தேன். சமையல்கட்டு வாசல்ல எண்ணெய், கால் வழுக்கிச்சு, கம்பியப் புடிச்சேன், காயம் இல்ல. பெயிண்டு டப்பா மூடி காத்துல பறந்து பக்கத்துல விழுந்துது, காயம் இல்ல. ஏணியில ஏறும்போது கையுறை ஈரம், சுதாரிச்சுக்கிட்டேன், காயம் இல்ல. இப்படியே பன்னெண்டு. சுத்திச் சுத்தி வரும். போன மாசம் வழுக்கினவன் இந்த மாசம் ஏணியில ஏறுவான்.

ஒரே கையெழுத்தா இருந்தா தெரிஞ்சிரும்லா? அதனால நாலு கையெழுத்து வச்சிருந்தேன். சாஞ்ச எழுத்து ஒண்ணு, நேர் எழுத்து ஒண்ணு, எல்லாம் பெரிய எழுத்துல ஒண்ணு, இடது கையில ஒண்ணு. இடது கை எழுத்து சமையல்காரனுக்கு. ரொசாரியோன்னு கோவாக்காரன். அவன் சமையல்கட்ட விட்டு வெளிய வரமாட்டான், அதனால அவனுக்கு எப்பவும் எண்ணெய்தான்.

சிரிக்கியளே. சிரிங்க. நாங்களும் சிரிச்சோம். கம்பெனியில உள்ள அத்தன கப்பல்லயும் எங்க கப்பலுக்குத்தான் மொத பரிசு வந்துது. ரொசாரியோவயே கேக்கு சுடச் சொல்லி, மேல பாதுகாப்பே முதல்னு கிரீம்ல எழுதச் சொல்லி, கேப்டன் வெட்டினாரு. போட்டோ புடிச்சு ஆபீசுக்கு அனுப்பினோம். அந்தப் போட்டோவுல என் பக்கத்துல நிக்கிறவன்தான் லிகோரி.

லிகோரி வேம்பாரு. நாப்பத்தோரு வயசு. நல்ல வேலக்காரன், கயிறு பின்னுனா எங்க பின்னுனான்னே தெரியாது. மாசா மாசம் கேபின் கதவுல தலைய நீட்டி, எனக்கும் ஒண்ணு போட்டுடுங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போவான். அவனுக்குச் சாஞ்ச எழுத்து.

மார்ச் மாசம் இருபத்துநாலாம் தேதி அவன் வந்தான். நாளைக்குக் கார்டு குடுக்கணும். கதவுல தலைய நீட்டல, உள்ள வந்து நின்னான். அண்ணே, முன் பக்கத்து வின்ச்சு பிரேக்கு நிக்கல, இன்னைக்குக் காலையில கயிறு என் கைய விட்டு ஓடிச்சு, நல்லவேளை தள்ளி நின்னேன்னு சொன்னான். வின்ச்சுன்னா கப்பலக் கரையில கட்டுற கயிறச் சுத்தி வச்சிருக்குமே, அந்த உருளை. பிரேக்குக் கட்டை தேஞ்சிருந்தா கயிறு நிக்காது, கப்பல் இழுத்த இழுப்புக்கு ஓடும். இத எழுதிப் போடுங்கண்ணேன்னான்.

நான் பாத்தேன். அவன் பேர்ல அந்த மாசத்துக் கார்டு எழுதியாச்சு. பெயிண்டு டப்பா மூடி. ஒருத்தன் பேர்ல ரெண்டு போனா ஆபீஸ்ல கேள்வி வரும், இந்த ஆளு ஏன் இவ்வளவு கவனக்கொறைவா இருக்கான், கிளாசுக்கு அனுப்புன்னு. லீவுல வீட்டுல இருக்கும்போது பத்து நாள் கூப்பிட்டு உக்கார வச்சிருவாவ. அவனுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? பாத்தா ரொசாரியோ கார்டு இன்னும் எழுதாமக் கிடந்துது. இடது கையில எழுதினேன். முன் வின்ச்சு பிரேக் வழுக்குது, கயிறு ஓடிச்சு, தள்ளி நின்னதால காயம் இல்ல. பேரு, ரொசாரியோ, சமையல்காரர். அவனுக்கு நல்லதுதான் செஞ்சேன் தம்பி.

சீஃப் ஆபீசர் வாங்கி எண்ணினாரு. இருபத்தொண்ணு. எண்ணுவாரு, வாசிக்க மாட்டாரு.

வாயால சொல்லியிருக்கலாமேன்னு கேக்கியளா? சொல்லியிருக்கலாம். தினம் பாக்குற மனுசந்தான். ஆனா கார்டு போட்டாச்சுல்லா. எழுதியாச்சுன்னா சொன்ன மாதிரிதான? அப்புறம், எப்படிச் சொல்ல, எழுதி அந்தக் கட்டுல வச்ச உடனே எனக்கே அது மத்த இருபது மாதிரி ஆயிட்டு. எண்ணெய், ஏணி, மூடி, பிரேக்கு. நான் எழுதினதுதான எல்லாம்.

ஏப்ரல் பத்தொம்பது. தென்னமெரிக்காவுல ஒரு துறைமுகம், அங்க அலை உள்ள வரைக்கும் வரும், கட்டின கப்பல் தொட்டில்ல போட்ட மாதிரி ஆடும். காலையில பத்தரை மணி இருக்கும். முன்னாடி கயிறு கொஞ்சம் கொஞ்சமா நழுவிச்சு. நானும் லிகோரியும் நின்னோம். பிரேக்கு வீலுக்குப் போகணும்னா டெக்குல கிடக்குற கயிறத் தாண்டணும். அவன் தாண்டினான். கப்பல் ஒரு ஆட்டம் ஆடிச்சு. பிரேக்கு விட்டுட்டு. கிடந்த கயிறு எழும்பி ஓடிச்சு, வளையம் அவன் கால்ல விழுந்து இறுகிட்டு. அவன் கத்தல. என்னைப் பாத்து, அண்ணே, நான் சொன்னேம்லா, அந்தப் பிரேக்குன்னான். அவ்வளவுதான் சொன்னான். இடது கால், முட்டிக்குக் கீழ.

நான் ரேடியோவுல சொன்னேன், கயிற அறுத்தேன், பெல்ட்ட உருவி தொடையில கட்டினேன், எல்லாம் சொல்லிக் குடுத்தபடி. படகு வந்து அவனக் கொண்டு போச்சு. பெறகு நான் டெக்கக் கழுவினேன். மத்தியானம் சாப்பிட்டேன். ரொசாரியோ அழுதுக்கிட்டே மீன் கொழம்பு ஊத்தினான். உப்பு கொஞ்சம் கூட, அது நெனைவிருக்கு. ஒண்ணும் தோணலன்னா ஒண்ணும் தோணல தம்பி. இந்த விரல் மாதிரி. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் இருக்கு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

ஆறு நாள் கழிச்சு இருபத்தஞ்சாம் தேதி. கார்டு குடுக்கணும்.

எழுதினேன். இருபது எழுதியாச்சு. சீஃப் ஆபீசர் எண்ணிப் பாத்துட்டு, ஒண்ணு கொறையுதேன்னாரு. அவரு யாரையும் நெனச்சுக் கேக்கல, நம்பரக் கேட்டாரு. நானும் யாரையும் நெனைக்கல. இருபத்தொண்ணு ஆகணும்லா. சாஞ்ச எழுத்துல ஒண்ணு எழுதினேன். லிகோரி, ஏப்ரல் இருபத்திமூணு, படியில எறங்கும்போது கால் வழுக்கிச்சு, கம்பியப் புடிச்சேன், காயம் இல்ல.

ஏன் அப்படிப் பாக்கிய?

அந்த இருபத்திமூணாம் தேதி அவன் ஆஸ்பத்திரியில இருந்தான். கால் எடுத்து நாலு நாள். தெரியும். எழுதும்போது தெரியல, எழுதின பெறகும் தெரியல. கை எழுதிச்சு.

ஊருக்கு வந்து ரெண்டு மாசத்துல கம்பெனி வக்கீல் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டாரு. ரயில் டிக்கெட்டு, ஏசி ரூமு, டீ, பிஸ்கோத்து, மரியாத எல்லாம் கொறைவில்ல. லிகோரி கேசு போட்டிருந்தான். கம்பெனி என்ன சொல்லுதுன்னா, கயிறு ஓடுற எடத்துல நின்னது அவன் தப்பு, பிரேக்கு கெட்டது எங்களுக்குத் தெரியாதுன்னு. லிகோரி என்ன சொல்லுதான்னா, நான் முந்தின மாசமே எழுதிக் குடுத்தேன், கம்பெனிக்குத் தெரியும், சரிபண்ணலன்னு. தெரியுமா தெரியாதா, கேசே அது ஒண்ணுதான்.

அந்த வக்கீல் மூணு கேள்வி கேட்டாரு. சமையல்காரன் பேர்ல உள்ள இந்தக் கார்டு நீங்க எழுதினதா? ஆமா. சமையல்காரன் முன் டெக்குக்குப் போவானா? போவமாட்டான். லிகோரி பேர்ல இருபத்திமூணாம் தேதி போட்ட இந்தக் கார்டும் நீங்கதானா? ஆமா. கீழ கையெழுத்துப் போடுங்கன்னாரு, போட்டேன். மூணுக்கும் உண்மையத்தான் சொன்னேன். ஒரு பொய் கெடையாது. பிரேக்கு நெசமாவே வழுக்கிச்சான்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரமே எனக்கு வேற கப்பல் குடுத்துட்டாவ. புதுக் கப்பல். திங்கக்கெழம மெடிக்கலு. அது வேற, இது வேற. ரெண்டையும் முடிச்சுப் போடாதிய. கையில எங்கயாவது மரத்துப் போயிருக்கான்னு டாக்டரு கேப்பாரு. இல்லன்னு சொல்லுவேன். எப்பவும் அப்படித்தான் சொல்லுதது.

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வேம்பாருக்குப் போனேன். ஆறு மாசமாப் போகல, போகணும் போகணும்னு இருந்தேன். ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிட்டுப் போனேன். வெளிய சேர் போட்டு உக்காந்திருந்தான். கால மடக்கி உக்காந்திருக்கான்னு ஒரு நிமிசம் நெனைச்சேன். வாங்கண்ணேன்னான். கோவமே இல்ல. அவன் பொண்டாட்டி செலினு தண்ணி கொண்டு வந்து வச்சுது, முகத்தக் குடுக்கல. பெறகு உள்ள போயி ஒரு காயிதத்தக் கொண்டு வந்து என் முன்னாடி நின்னு வாசிச்சுது. கம்பெனி கோர்ட்டுல குடுத்த காயிதம். கால் போனவன் நாலு நாள் கழிச்சுப் படியில எறங்கினதா இந்தக் கப்பல்ல கார்டு எழுதியிருக்கு, ஆகவே இந்தக் கார்டுவள்ல ஒண்ணையும் நம்ப முடியாது, சமையல்காரர் பேர்ல உள்ளதும் அப்படியே ஜோடிச்சதுதான், எழுதின போசனே ஒத்துக்கிட்டாருன்னு. வாசிச்சு முடிச்சுட்டு என்கிட்ட, அது யாரு எறங்கினதுண்ணேன்னு கேட்டுது.

நான், இருபத்தொண்ணு ஆகணும்லான்னு சொன்னேன்.

அதுதான் வாயில வந்துது. லிகோரி சிரிச்சுட்டான். நெசமாவே சிரிச்சான். கம்பியப் புடிச்சுக்கிட்டேனாண்ணே, அது போதும்னான். செலினு உள்ள போயிட்டு. நான் எந்திரிக்கும்போது அவன் சேர்ல இருந்தபடியே தலைய மட்டும் நீட்டினான், கேபின் கதவுல நீட்டுவானே, அப்படி.

"எனக்கு ஒண்ணு போட்டுடுங்கண்ணே. நெசமா ஒண்ணு."

அவன்தான் இந்த வக்கீலம்மா நம்பர எழுதிக் குடுத்தான். போன்ல அந்தம்மா தெளிவாச் சொன்னாவ. அந்தக் கார்டு யாரு பேர்ல இருந்தாலும் சரி, லிகோரி சொல்லித்தான் எழுதினேன்னு நீங்க சொன்னா கேசு நிக்கும், இல்லன்னா அவ்வளவுதான், இதுக்கு மேல அவருக்கு ஒரு வழியும் இல்லன்னாவ. நடந்தத எழுதிக் கொண்டாங்க, நான் டைப் பண்ணிக்கிடுதேன், இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள குடுத்தாகணும்னாவ. குடுத்தா என் புதுக் கப்பல் போயிரும். அது எனக்குத் தெரியாதா. அம்பத்திநாலு வயசுல இன்னொரு கம்பெனி எவன் எடுப்பான்? இருந்தாலும் பஸ் ஏறிட்டேன். ஏன் ஏறினேன்னு கேக்காதிய.

அருப்புக்கோட்ட வந்துட்டு பாருங்க. இங்க பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்க எறங்குதியளா? எறங்கலியா. அப்ப ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க ஏறும்போதே சட்டப் பையில பேனாவப் பாத்தேன். எனக்கு ஒரு பக்கம் எழுதித் தருவியளா? நான் சொல்லுதேன். நாலு நாளா நான் எழுதிப் பாக்கேன் தம்பி. உக்காந்து எழுத ஆரம்பிச்சா ரெண்டாவது வரியில கம்பியப் புடிச்சேன்னு வருது. கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எழுதினா திரும்பவும் அதே. அதோட எந்தக் கையெழுத்துல எழுத? நாலு வச்சிருக்கேன். எது என் சொந்த எழுத்துன்னு எனக்கு நெனப்பு இல்ல.

வெள்ளத்தாள் இந்தா இருக்கு. எழுதுங்க. மார்ச் இருபத்துநாலாம் தேதி, டெக்கு வேலக்காரன் லிகோரி என் கேபினுக்கு வந்து, முன் வின்ச்சு பிரேக்கு நிக்கலன்னு என்கிட்ட சொன்னான். போட்டாச்சா? அவன் சொன்னத நான் சமையல்காரர் பேர்ல கார்டா எழுதி சீஃப் ஆபீசர்கிட்ட குடுத்தேன். அவன் பேர்ல ஏற்கெனவே ஒரு பொய்க் கார்டு எழுதியிருந்ததுனால. மத்ததெல்லாம் பொய். இது ஒண்ணு நெசம். ஏப்ரல் பத்தொம்பதாம் தேதி அதே பிரேக்கு விட்டு லிகோரிக்குக் கால் போச்சு. காயம்... காயம் இல்லன்னு சொல்ல வந்தேன், பாத்தியளா. காயம் உண்டு. காயம் உண்டுன்னு போடுங்க.

அவ்வளவுதான். மடிச்சுக் குடுங்க.

என்ன? பிரேக்கு கெட்டுருக்குன்னு தெரிஞ்சே அவன் எதுக்குக் கயிறத் தாண்டிப் போனான்னா?

அத யாரும் கேக்கலியே தம்பி. கம்பெனி வக்கீலு கேக்கல, இந்தம்மாவும் கேக்கல. லிகோரிகூடச் சொல்லல. ஆறு மாசமா அவன் ஒருத்தன்கிட்டயும் சொல்லல, அதப் பாருங்க. கோர்ட்டுல அவன் தப்பு அவன் தப்புன்னு எழுதிக் குடுக்காவ, அப்பவும் அவன் வாயத் தெறக்கல.

டிரைவர் வந்துட்டாரா?

எழுதுங்க. பிரேக்க இறுக்குன்னு நான்தான் சொன்னேன். போசன் சொன்னா அவன் போகாம என்ன செய்வான்? அப்படியே போடுங்க. நான் சொல்லித்தான் போனான்.

போட்டாச்சா. சரி. பேனாவக் குடுங்க, கையெழுத்துப் போடுதேன். இந்த விரலுக்கு நடுவுல வைங்க. வச்சிட்டியளா? எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. பேனா என் கையில இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.